இறக்குமதி ஃபிலிமுக்கு எந்தக் கோடு? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் பிளாஸ்டிக் ஃபிலிம் வாங்கி விற்கும் கடை ஒன்றில் இறக்குமதிக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. ஜவ்வரிசி பேக்கிங் செய்பவர், இளம்பிள்ளையில் சேலைத் தொழில் நடத்துபவர், ஏற்காட்டில் பசுமைக்குடில் போட்டவர் என்று யார் வந்தாலும், ரோல் விலையை விசாரித்த கையோடு கஸ்டம்ஸ் கோடு பற்றிக் கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் அதே இருபத்திரண்டு கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

1. எச்.எஸ்.என். கோடுன்னா என்ன? ஜி.எஸ்.டி. பில்லில் போடறோமே, அதுதானா?

ஒரே குடும்பம்தான். பிரஸ்ஸல்ஸில் தலைமையகம் உள்ள உலக சுங்க அமைப்பு, உலகில் விற்கும் பொருள்களுக்கெல்லாம் ஆறு இலக்க எண் வகுத்திருக்கிறது. 1988 முதல் நடப்பில் இருக்கும் முறை இது. இந்தியா அதன் பின்னால் இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தின் முதல் அட்டவணையில் முழுப் பட்டியலும் இருக்கிறது.

3920 62 என்ற எண்ணில் 39 என்பது அத்தியாயம், 3920 என்பது தலைப்பு, 62 அதன் உட்பிரிவு. ஜி.எஸ்.டி. பில்லில் 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர் நான்கு இலக்கத்தோடு நிறுத்தலாம். அதற்கு மேல் போனால் ஆறு. கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் பதிவான பில் ஆஃப் என்ட்ரியில் எட்டும் வேண்டும். உள்ளூர் பில்லில் நான்கு இலக்கம் போட்டே பழகியவர்கள் முதல் இறக்குமதியில் திணறுவது இதனால்தான்.

2. பிளாஸ்டிக் எல்லாம் 39தானே? அப்புறம் என்ன குழப்பம்?

அத்தியாயம் 39 என்பது சரி. அதற்குள் ஃபிலிமுக்கு மூன்று வீடுகள். தானே ஒட்டிக்கொள்ளும் ஃபிலிம், டேப், ஷீட் எல்லாம் 3919. ஒட்டாத, நுரை இல்லாத, வேறு பொருளோடு சேராத சாதா ஃபிலிம் 3920. நுரை ஷீட்டும், துணி, காகிதம் போன்ற வேறு பொருளோடு சேர்த்த ஷீட்டும் 3921.

இந்த மூன்றுக்கு வெளியேயும் கதவுகள் திறந்திருக்கின்றன. டியூப் 3917, சுவர்த்தாள் 3918, பை 3923, மற்ற சாமான்கள் 3926. இன்னும் தள்ளிப் போனால் நூலுக்கான 54, அச்சுப் பொருளுக்கான 49, அலுமினியத்துக்கான 76 என்று அத்தியாயமே மாறும். எக்ஸ்ரே எடுக்கும் ஃபிலிம் 37ஆம் அத்தியாயம். போலரைசிங் ஷீட் ஒளியியல் சாமான்களோடு 9001இல் இருக்கிறது. பெயரில் ஃபிலிம் என்று இருப்பதை மட்டும் நம்பி இறங்கினால் வழி தவறும்.

3. கோடு மாறினால் காசு மாறுமா? எல்லாமே 10 பர்சென்ட்தானே?

பல வரிகளில் அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம்தான், எல்லாவற்றிலும் இல்லை. 10 என்றே வைத்து 10 லட்சம் ரூபாய் சரக்குக்குக் கணக்குப் போடுவோம். அடிப்படை வரி 1,00,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ், அதாவது 10,000. இவற்றைக் கூட்டிய 11,10,000 மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. 1,99,800. மொத்தம் 3,09,800. ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக, அதாவது விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழிக்கும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வராத காசு 1,10,000.

கோடும் வர்ணனையும் மாறினால் இந்த 1,10,000தான் மாறும். உதாரணம் ஃப்ளெக்ஸ். பேனர் அடிக்கும் பி.வி.சி. ஃப்ளெக்ஸ் 3920இலோ 3921இலோ வரும். 2024 ஜூலை பட்ஜெட்டில் அதன் அடிப்படை வரியை 10இலிருந்து 25 சதவீதமாக ஏற்றினார்கள். அன்றைய அந்த விகிதத்தில் அதே 10 லட்சத்துக்குத் திரும்பாத காசு 2,75,000 ஆனது. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். பில் ஆஃப் என்ட்ரி போடும் அன்றைக்கு ஒருமுறை பாருங்கள். போன வருடத்துத் தாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

4. சப்ளையர் இன்வாய்ஸில் கோடு போட்டுத்தான் அனுப்பறார். அதையே போட்டால் போதாதா?

போதாது. அவர் எண்ணில் முதல் ஆறு இலக்கம்தான் நமக்குப் பொது. அந்த ஆறும்கூட அவர் ஊர் ஏற்றுமதிச் சலுகைக்குத் தோதாகப் போட்டதாக இருக்கலாம்.

2011 முதல் சுய மதிப்பீடு வந்துவிட்டது. சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி கோடு, மதிப்பு, வரி எல்லாம் இறக்குமதி செய்பவரே சொல்ல வேண்டும். "சப்ளையர் போட்டார்", "கிளியரிங் ஏஜென்ட் போட்டார்" என்பதெல்லாம் நோட்டீசுக்குப் பதிலாகாது. ஏஜென்ட்டுக்கு ஃபிலிம் தெரியாது, உங்களுக்குக் கோடு தெரியாது. இரண்டு பேரும் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது நல்லது.

5. என்ன பிளாஸ்டிக்னே தெரியல. பார்த்தா எல்லாம் கண்ணாடி பேப்பர் மாதிரிதான் இருக்கு.

நம் ஊரில் மாலை சுற்றுவதும் கண்ணாடி பேப்பர், பரிசுப் பொருள் சுற்றுவதும் கண்ணாடி பேப்பர். அசல் கண்ணாடி பேப்பர் செல்லோஃபேன், மரக்கூழிலிருந்து வருவது. அதற்கு 3920 71. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.ஓ.பி.பி., அதாவது பாலிப்ரொப்பிலீன். அது 3920 20. பாலித்தீன் 3920 10. பாலியஸ்டர் என்று நாம் சொல்லும் பெட் ஃபிலிம் 3920 62. நைலான் 3920 92. பி.வி.சி.க்கு இரண்டு எண்கள்: மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர் எடையில் 6 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 3920 43, குறைந்தால் 3920 49.

கடையில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்போம். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பாலியஸ்டரும் பி.வி.சி.யும் மூழ்கும். செல்லோஃபேனைக் கொளுத்தினால் காகிதம் மாதிரி எரியும். பி.வி.சி. என்று சந்தேகம் இருந்தால் கொளுத்தாதீர்கள், புகை நெஞ்சைக் கரிக்கும். இதெல்லாம் நம் மனத்திருப்திக்கு மட்டும். கஸ்டம்ஸுக்கு சப்ளையரின் டெக்னிக்கல் டேட்டா ஷீட் வேண்டும். அதில் பிளாஸ்டிக்கின் பெயர், ஒவ்வொரு அடுக்கின் மைக்ரான் (தடிமன்; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), கோட்டிங், எடை விகிதம் நான்கும் இருக்க வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் சென்னை கிண்டியில் இருக்கும் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற இடத்தில் சோதனைக்குக் கொடுக்கலாம்.

6. ஒட்டுற ஃபிலிம் எல்லாம் 3919தானே?

கை வைத்து அழுத்தினாலே ஒட்ட வேண்டும். சாதாரண வெப்பத்தில், தண்ணீர் தொடாமல், சூடு காட்டாமல், எப்போதும் பிசுபிசுப்பாக இருந்து, விரலால் அழுத்தியதும் பலவகைப் பரப்புகளில் பிடித்துக்கொள்வதுதான் 3919. செல்லோ டேப், ஸ்டிக்கர் வினைல், பேனல் மேல் ஒட்டி வரும் பாதுகாப்பு ஃபிலிம் எல்லாம் இந்த வகை.

அச்சகத்தில் புத்தக அட்டைக்குப் போடும் தெர்மல் லேமினேஷன் ஃபிலிம் இந்த வகை இல்லை. பின்பக்கம் பசை இருந்தாலும் சூடான ரோலர் பட்டால்தான் ஒட்டும், அது 3920. சாமான் பெட்டியைச் சுற்றும் ஸ்ட்ரெச் ஃபிலிம் தன்மேல் தானே ஒட்டும், மரத்திலோ இரும்பிலோ ஒட்டாது. அதுவும் 3920தான்.

7. ஒரு மீட்டர் அகல டேப் ரோலை இங்கே வந்து 10 சென்டிமீட்டரா வெட்டப் போறோம். எந்த அகலம் கணக்கு?

கப்பலில் வந்த அகலம். 3919க்குள் 20 சென்டிமீட்டர் வரை அகலமுள்ள ரோலுக்கு 3919 10, மற்றதுக்கு 3919 90. சூரமங்கலத்தில் நீங்கள் எந்த மெஷினில் எப்படி வெட்டினாலும் இறக்குமதிக் கோடு 3919 90தான். சரக்கு வந்து சேரும்போது இருக்கும் நிலையைத்தான் பார்ப்பார்கள். இந்த ஒரு விஷயம் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

8. மூணு லேயர் இருந்தா 3921னு ஏஜென்ட் சொல்றார். சரியா?

என்ன லேயர் என்று கேட்க வேண்டும். 3921இல் சொல்லும் சேர்க்கை, பிளாஸ்டிக் அல்லாத வேறு பொருளோடு சேர்ந்தது. பாலித்தீன், நைலான், மறுபடி பாலித்தீன் என்று மூன்று அடுக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது 3920ஐ விட்டுப் போகாது. எண்ணெய் பாக்கெட், மசாலா பாக்கெட் ஃபிலிம்களில் பாதி இந்த ரகம். எந்த உட்பிரிவு என்பதற்கு அதன் முக்கியத் தன்மையை எந்த அடுக்கு தருகிறது என்று பார்ப்பார்கள். எடையும் தடிமனும் அதற்கு உதவும். டேட்டா ஷீட்டில் அடுக்கடுக்கான மைக்ரான் வேண்டும் என்று 5இல் சொன்னது இதற்குத்தான்.

நடுவில் அலுமினியம் ஃபாயில் இருந்தால் கதை வேறு. இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே ஃபாயில் சிக்கியிருந்து, மொத்தத்தில் பிளாஸ்டிக் ஷீட் என்ற தன்மை மாறாமல் இருந்தால் 3921 பக்கம் சாயும். ஃபாயில்தான் முக்கியம், அதன் முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு மட்டும் என்றால் 7607க்குப் போகும். 7607இல் ஃபாயிலின் தடிமன், முதுகுப்பூச்சைச் சேர்க்காமல், 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

9. காகிதத்து மேல பிளாஸ்டிக் கோட்டிங் இருக்கு. காகிதமா பிளாஸ்டிக்கா?

ஒரு அடுக்குக் காகிதம், மேலே ஒரு அடுக்கு பிளாஸ்டிக் என்றால் அளந்து பார்த்தாலே போதும். மொத்தத் தடிமனில் பிளாஸ்டிக் பாதிக்கு மேல் என்றால் 39, இல்லையென்றால் காகிதத்தின் 48ஆம் அத்தியாயம். மைக்ரோமீட்டர் இருந்தால் கடையிலேயே பார்த்துவிடலாம். பேப்பர் கப் செய்யும் ரோல் பெரும்பாலும் 48தான்.

10. மெட்டலைஸ்டு ஃபிலிம் மேல அலுமினியம் இருக்கே, அதுவும் ஃபாயில் கணக்கா?

இல்லை. ஃபாயில் என்பது தகடாக உருட்டியது, பிரித்தால் தனியாக நிற்கும். மெட்டலைஸ்டு ஃபிலிமில் வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். அதன் தடிமன் ஒரு மைக்ரானில் சிறு பங்கு. தகடாக உரிக்க வராது. நம் ஊரில் ஜிகினா என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

இதை உலோகத்தோடு சேர்ந்த ஷீட் என்று 3921இல் வைக்க வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அச்சு, சாயம் மாதிரி இதுவும் மேற்பரப்பில் செய்த வேலை. பாலியஸ்டர் ஃபிலிமாக 3920 62இல் வைப்பதே பொருந்தும் என்பது என் கட்சி. நீங்கள் 3921 கட்சியைச் சந்திக்க நேரலாம், டேட்டா ஷீட்டில் படிந்த அலுமினியத்தின் தடிமனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

11. சரிகைக்காகத்தான் மெட்டலைஸ்டு பாலியஸ்டர் எடுக்கறோம். அது ஃபிலிமா, நூலா?

சேலத்துக்கென்றே பிறந்த கேள்வி. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி எல்லாம் தறி ஓடும் இடங்கள். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசிய அசல் சரிகை விலை எட்டாததால், சாதாரணச் சேலையில் ஓடுவது பாலியஸ்டர் ஃபிலிமை இழை இழையாகக் கீறிய சரிகை.

பதில் 7இல் சொன்னதுதான்: எந்த நிலையில் வருகிறது? அகலமான ஜம்போ ரோலாக வந்தால் அது ஃபிலிம், 3920 62. அதை இங்கே கீறி நூலாக்குவது உங்கள் தொழில், இறக்குமதிக் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீறியே வந்தால் 5 மில்லிமீட்டர் கோட்டைப் பாருங்கள். அகலம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் இன்னும் பிளாஸ்டிக்தான், 39. அதற்குள் இருந்தால் ஜவுளி. உலோகம் இல்லாத இழை 5404. உலோகம் சேர்ந்தது 5605, அதாவது சரிகை உட்காரும் தலைப்பு. இந்திய அட்டவணையில் 5605க்குள் அசல் சரிகைக்கும் இமிடேஷன் சரிகைக்கும் தனித்தனி வரிகளே இருக்கின்றன.

ஜி.எஸ்.டி.யிலும் இது கடிக்கும். 2023 அக்டோபரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், மெட்டலைஸ்டு ஃபிலிமிலிருந்து செய்த இமிடேஷன் சரிகைக்கு 5 சதவீதம்தான் என்று தெளிவுபடுத்தியது. ஃபிலிம் வாங்கும்போது கட்டுவது 18. இந்த ஏற்றத்தாழ்வில் தேங்கும் வரவைத் திரும்பக் கேட்க முடியாது என்றும் அதே கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஜம்போ ரோலா, கீறிய இழையா என்று முடிவெடுக்கும்போது இந்தத் தேக்கத்தையும் கணக்கில் சேருங்கள். பலர் சுங்க வரியை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

12. பாலித்தீன் டியூப் ரோல் வாங்கறோம். தட்டையாத்தான் இருக்கு, ஃபிலிம்னு போடலாமா?

போடக் கூடாது. நான் போட்டு மாட்டியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தட்டையாகச் சுற்றி வந்த ரோலைப் பார்த்து 3920 10 என்று கொடுத்துவிட்டேன். விரலால் பிரித்தால் உள்ளே குழாய். 39ஆம் அத்தியாயக் குறிப்பு 8, தட்டையாக மடியும் டியூப்பையும் குழாய்களோடு 3917இல் சேர்க்கிறது. கேள்வி வந்தது, பதில் கொடுத்தேன், திருத்தினேன். அதற்குள் கன்டெய்னர் வாடகை ஏறியது. முதலாளி திட்டவில்லை, ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு பக்கம் பிளந்து வந்தால் அது ஷீட், 3920. அடியில் சீல் போட்டு, பை பையாகக் கிழிக்கத் துளைக் கோடு போட்டு வந்தால் பை, 3923.

13. வெட்டி வந்தா கோடு மாறுமா?

சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்டினால் மாறாது. அப்படியே பயன்படுத்தும் நிலையில் இருந்தாலும் 3920 அல்லது 3921தான் என்று அதே 39ஆம் அத்தியாயத்தின் குறிப்பு 10 சொல்கிறது. மிட்டாய் சுற்றும் சதுரத் தாள் இதற்கு உதாரணம். வட்டமாக வெட்டினாலோ, ஓட்டை போட்டாலோ, ஓரம் மடித்துத் தைத்தாலோ அந்த இரண்டையும் விட்டு வெளியே போய்விடும், பெரும்பாலும் 3926க்கு. ஒட்டும் சாமானுக்கு இந்தக் கட்டு கிடையாது. வட்டமான ஸ்டிக்கர் ஷீட்டும் 3919இல் இருக்கலாம், ஏனென்றால் குறிப்பு 10 பேசுவது 3920, 3921 பற்றி மட்டும்.

14. ஏற்காட்டுல பசுமைக்குடிலுக்கு யு.வி. ஷீட், பாத்திக்கு மல்ச்சிங் ஷீட் வேணும். விவசாயத்துக்குத்தானே, விவசாயக் கோடு கிடையாதா?

கிடையாது. காபிக் கொட்டை காய வைத்தாலும் கார்னேஷன் வளர்த்தாலும் பாலித்தீன் ஷீட் பாலித்தீன் ஷீட்தான். யு.வி. தாங்கும் மருந்து கலந்ததால் பிளாஸ்டிக்கின் பெயர் மாறிவிடாது: 3920 10. மேலே வெள்ளியும் கீழே கறுப்புமாக வரும் மல்ச்சிங் ஷீட்டும் அதே எண், 8இல் சொன்னபடி எல்லா அடுக்கும் பிளாஸ்டிக்தான். நாற்று நட வரிசையாக ஓட்டை போட்டே வந்தால் 13ஐப் பாருங்கள், 3926க்குப் போகும். ஓட்டையை மலைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு பொருள் எந்தப் பயனுக்கு என்று பார்த்து வரியைக் குறைக்கும் விலக்கு அறிவிக்கைகள் தனியாக வரும். கோட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அந்தக் கோட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். நிழல்வலையை இதோடு சேர்க்காதீர்கள். குறுகிய இழையில் பின்னியது அது. 11இல் சொன்ன 5 மி.மீ. கோட்டுக்குள் வருவதால் ஜவுளிப் பகுதிக்குப் போகும்.

15. தார்ப்பாய், ஃப்ளெக்ஸ் எல்லாம் துணியா, பிளாஸ்டிக்கா?

துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியிருந்தால் முதலில் 5903 என்ற ஜவுளித் தலைப்பு கை தூக்கும். அதிலிருந்து 39க்கு வர வேண்டுமென்றால் துணி முழுக்க பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும்படி பூசியிருக்க வேண்டும். நிறம் மாறியது மட்டும் தெரிந்தால் போதாது. இன்னொரு விசித்திரமான சோதனையும் உண்டு: 15 முதல் 30 டிகிரி வெப்பத்தில் 7 மி.மீ. உருளையைச் சுற்றிக் கையால் வளைக்கும்போது உடைந்தால் அது 5903 இல்லை. 7 மி.மீ. என்றால் சாதாரணப் பென்சில் தடிமன்தான். சேலத்து வெயிலில் மே மாதம் இந்தச் சோதனையைச் செய்ய ஏ.சி. அறை வேண்டும்.

பேனர் ஃப்ளெக்ஸ் பெரும்பாலும் இரண்டு பி.வி.சி. ஷீட்டுக்கு நடுவே பாலியஸ்டர் துணி. அதனால்தான் 3921. 2024இல் ஏறிய வரி 3இல் இருக்கிறது.

16. எங்க பிராண்டு அச்சடிச்ச ரோல். அச்சுன்னா 49னு ஒருத்தர் சொன்னார்.

அச்சு அந்தப் பொருளின் முதல் உபயோகத்துக்குத் துணையாக இருந்தால் 39ஐ விட்டுப் போகாது. ஜவ்வரிசி பாக்கெட்டின் வேலை ஜவ்வரிசியைக் காப்பது, மேலே உள்ள பெயரும் படமும் கூடுதல். அச்சுதான் பொருளே என்றால், பாடம் நடத்தும் பிளாஸ்டிக் வரைபடம் போல, அது 49. 3918க்கும் 3919க்கும் இந்த விதி கிடையாது, அச்சடித்தாலும் அங்கேயே இருக்கும்.

17. ஸ்டாக் லாட்டா மலிவா வருது. ஸ்கிராப்னு போட்டுடலாமா?

ஸ்டாக் லாட் என்பது விற்காமல் மிஞ்சிய நல்ல ரோல். அகலம் கலப்படமாக இருக்கும், மைக்ரான் முன்பின் இருக்கும், ஆனாலும் ஃபிலிமாகவே ஓடும். ஓடுகிற ஃபிலிமுக்கு ஃபிலிம் கோடுதான். 3915 என்பது கழிவு, வெட்டுத் துண்டு. அதன் இறக்குமதிக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மலிவு என்று அந்தப் பக்கம் போனால், வரிப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினையைத் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள்.

18. கோடு மாத்திப் போட்டா ஆன்டி டம்பிங் வரியிலிருந்து தப்பிக்கலாமாமே?

தப்ப முடியாது. ஆன்டி டம்பிங் எனும் குவிப்புத் தடுப்பு வரி, அடிமாட்டு விலையில் வந்து குவியும் சரக்கிலிருந்து உள்ளூர்த் தொழிலைக் காக்க, பொருளின் வர்ணனையையும் வரும் நாட்டையும் வைத்துப் போடுவது. விசாரணை அறிக்கைகளில் கோடு ஒரு குறிப்புக்காக மட்டும் என்றே எழுதியிருப்பார்கள். வர்ணனையில் உங்கள் ஃபிலிம் அடங்கினால், எந்த எண்ணில் கொண்டுவந்தாலும் வரி உண்டு. தெரிந்தே மாற்றினால் 21இல் சொல்லும் ஐந்து வருடக் கதையும் சேரும். இந்த யோசனையை யார் சொன்னாலும் அவரிடம் எழுத்தில் கேளுங்கள், அதோடு அடங்கிவிடுவார்.

19. ரெண்டு கோடும் பொருந்துது. குறைஞ்ச வரி எதுவோ அதைப் போடலாமா?

தேர்ந்தெடுக்க வரிசை இருக்கிறது. ஆறு பொது விதிகள். முதலில் தலைப்பின் வாசகமும், பகுதி, அத்தியாயக் குறிப்புகளும். நூற்றில் எண்பது கேள்வி அங்கேயே தீரும். தீராவிட்டால் எது பொருளைக் குறிப்பாகச் சொல்கிறதோ அது. அதிலும் தீராவிட்டால் முக்கியத் தன்மை. அதுவும் கைவிட்டால் எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு. வரி எவ்வளவு என்ற கேள்வி இந்த வரிசையில் எங்கேயும் வருவதில்லை.

உண்மையிலேயே முட்டிக்கொண்டு நின்றால், சரக்கு ஏற்றும் முன்பே முன்தீர்ப்பு கேட்கலாம். 2021 முதல் டெல்லியிலும் மும்பையிலும் சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் இயங்குகின்றன. கட்டணம் 10,000 ரூபாய். விண்ணப்பம் கிடைத்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பு சில வருடம் செல்லும், நடுவில் சட்டமோ விவரமோ மாறாதவரை. வருடத்துக்கு ஒரு கன்டெய்னர் எடுப்பவருக்கு இது அதிகப்படி. மாதாமாதம் எடுப்பவர் கேட்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

20. அதிகாரி வேற கோடுங்கறார், சரக்கு துறைமுகத்துல நிக்குது. என்ன பண்ணலாம்?

சரக்கு சென்னையில் நின்றாலும் அந்த அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். 2020இல் முகமறியா மதிப்பீடு வந்தபிறகு இப்படித்தான், சென்னையும் பெங்களூரும் அதன் முதல் கட்ட ஊர்கள். அதனால் நேரில் போய் ரோலைப் பிரித்துக் காட்டும் வழி சுருங்கிவிட்டது. திரையில் வரும் கேள்விக்கு எழுத்தில் பதில்: டேட்டா ஷீட், அடுக்குப் படம், எந்தக் குறிப்பின்படி இந்தக் கோடு என்ற இரண்டு வரி. "எப்போதும் இதே கோட்டில்தான் எடுக்கிறோம்" என்று எழுதாதீர்கள், பழைய பில்களையும் தோண்டச் சொல்லி அழைப்பு வைப்பது போல.

சோதனை வேண்டும் என்றால் 18ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். அவர் சொன்ன கோட்டை நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதை எழுத்தில் சொல்லுங்கள். காரணத்தோடு ஆணை தர அவருக்குப் பதினைந்து நாள். அந்த ஆணையின் மேல் அறுபது நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். அவசரத்தில் வரியைக் கட்டிவிட்டு எதுவும் எழுதாமல் வந்துவிட்டால், பிறகு ஒப்புக்கொண்டதாகவே ஆகும்.

21. மூணு வருஷமா தப்பான கோடு போட்டிருக்கோம்னு இப்பத்தான் தெரியுது. சும்மா இருந்துடலாமா?

குறைவாகக் கட்டியிருந்தால் சாதாரணத் தவறுக்கு இரண்டு வருடம் வரை நோட்டீஸ் வரலாம்; மறைத்தது, வேண்டுமென்றே பொய் சொன்னது என்றால் ஐந்து வருடம், கூடவே வரிக்குச் சமமான அபராதம். வட்டி வருடத்துக்கு 15 சதவீதம். நோட்டீஸ் வரும் முன் நீங்களே கணக்குப் போட்டு வரியையும் வட்டியையும் கட்டினால் சாதாரணத் தவறு அத்தோடு முடியும். 2025 நிதிச் சட்டம், சரக்கு வெளியே வந்தபிறகும் இறக்குமதியாளர் தானே பதிவைத் திருத்தும் புதிய 18ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறது.

அதிகமாகக் கட்டியிருந்தால் திரும்பக் கேட்க ஒரு வருடம்தான். அதுவும் முதலில் பில் ஆஃப் என்ட்ரியின் மதிப்பீட்டைத் திருத்தவோ மேல்முறையீட்டில் மாற்றவோ செய்திருக்க வேண்டும். நேரே ரீஃபண்ட் கேட்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

22. கொரியா சர்டிபிகேட்டுல 3921, நம்ம பில் ஆஃப் என்ட்ரில 3920. சலுகை வரி போயிடுமா?

கொரியா, ஜப்பான், ஆசியான் நாடுகளோடு ஒப்பந்தம் இருப்பதால் அங்கிருந்து வரும் பல ஃபிலிம்களுக்குச் சலுகை வரி உண்டு. சரக்கு அந்த நாட்டில்தான் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றில் ஒரு எண், பில்லில் ஒரு எண் என்றால் கேள்வி நிச்சயம். அதற்காகச் சான்றில் உள்ள தவறான எண்ணையே பில்லிலும் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் நடப்பது 8இல் சொன்ன குழப்பம்: அங்கே மூன்று அடுக்கு என்றதும் 3921 போட்டிருப்பார்கள்.

சரக்கு ஏறும் முன் சான்றின் வரைவைக் கேட்டு வாங்கி, எண்ணைப் பேசித் திருத்த வைப்பதுதான் சுலபம். எண் மாறினால் அந்தப் பொருளுக்கான பிறப்பிட விதியே மாறலாம். புது எண்ணின் விதியையும் சப்ளையர் நிறைவேற்றுகிறாரா என்று பார்க்க வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள, சலுகை வரி கேட்பவர் பிறப்பிடத்தை நிரூபிப்பதற்கான கரோட்டார் விதிகளின்படி சான்றை மட்டும் நீட்டினால் போதாது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, அங்கே என்ன வேலை நடந்தது என்ற விவரம் இறக்குமதியாளர் கையிலேயே இருக்க வேண்டும், பில் போட்ட நாளிலிருந்து ஐந்து வருடம் வரை. நான் சப்ளையர் வாரியாக ஒரு ஃபைல் போட்டு, ஒவ்வொரு ரோல் ரகத்திலும் ஒரு சாண் துண்டு வெட்டி அதிலேயே கோர்த்து வைத்திருக்கிறேன்.